புகழ் அண்ணன் ஃபைல்

"என் ரெஸ்யூம்ல என்ன மேம் தப்பு?" என்று கேட்டான் செங்குட்டுவன்.

ஜெசிந்தா மேம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை கம்பெனி வந்துட்டுப் போயிடுச்சு. இண்டர்வியூ லிஸ்ட்ல என் பேரு வரவே இல்லை. ஒரே ஒரு கம்பெனியில கூப்பிட்டாங்க. அங்கேயும் உள்ள போன வேகத்துல வெளிய வந்துட்டேன்."

"ஏன்?"

"உள்ள இருந்தவர் தெலுங்குல பேசினார் மேம்."

"உனக்குத் தெலுங்கு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் தெலுங்குல பேசினார்?"

"ரெஸ்யூம்ல தெரியும்னு இருந்துச்சு."

ஜெசிந்தா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

பெரம்பலூர் சாலையில் இருக்கும் அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் அவர் பிளேஸ்மெண்ட் ஆபீசர். மாணவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு. அவருடைய அறையை மாணவர்கள் ஆசிரமம் என்றுதான் சொல்வார்கள். ஒரு கேள்வியோடு போனவன் வேறொரு கேள்வியோடு வெளியே வருவான். அதனால் வந்த பெயர்.

ஆசிரமம் என்றதும் தாடியும் கமண்டலமும் நினைவுக்கு வந்தால் அது நம் தப்பு. ஜெசிந்தாவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று கேண்டீனில் ஒரு பையன் அவரிடம் வந்து, "எந்த இயர்? சிவிலா?" என்று கேட்டான். "ஆமா, சிவில்" என்று சொல்லி, அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். மறுவாரம் அவன் ரெஸ்யூமோடு அவர் முன்னால் வந்து நின்றான். பாவம், அன்றைக்கு அவன் முழித்த முழி இன்னும் கல்லூரியில் பேச்சாக இருக்கிறது.

"தெலுங்கு எப்படி உன் ரெஸ்யூம்ல வந்துச்சு?"

"புகழ் அண்ணன் ஃபைல்ல இருந்துச்சு மேம்."

புகழ் அண்ணனை இப்போது படிக்கும் யாரும் பார்த்ததில்லை. மெக்கானிக்கல் பிரிவில் எப்போதோ படித்தவர். ஓசூர்ப் பக்கத்துக்காரர், தெலுங்கு பேசுகிற வீடு. முதல் கம்பெனியிலேயே வேலை வாங்கிவிட்டார். போகும்போது தன் ரெஸ்யூம் ஃபைலை ஜூனியர் ஒருவனுக்குக் கொடுத்தார். அவன் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, தன் ஜூனியருக்குக் கொடுத்தான். அப்படியே கை மாறிக் கை மாறி, இப்போது இறுதியாண்டு மெக்கானிக்கல் மொத்தமும் அந்த ஃபைலில்தான் வாழ்கிறது.

எல்லோருக்கும் தெலுங்கு தெரியும். எல்லோரும் தபால்தலை சேகரிக்கிறார்கள்.

"இன்னும் ஒரே கம்பெனிதான் மேம் வரப்போகுது" என்றான் செங்குட்டுவன். "நெல்லு அறுக்கிற மெஷின் பண்றவங்க. இதுவும் போச்சுன்னா மாமா என்னை சிங்கப்பூருக்கு அனுப்பிடுவார். ஏஜெண்ட்கிட்ட சொல்லி வெச்சுட்டார்."

"சிங்கப்பூர் நல்ல ஊர்தானே."

"நல்ல ஊர்தான். அம்மா தனியா இருப்பாங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா இல்லை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் அம்மாவும் அவனும்தான். அம்மாவை விட்டுக் கடல் தாண்டிப் போக அவனுக்கு மனசே இல்லை. அதை மாமாவிடம் சொன்னால் சிரிப்பார். அதனால் சொல்லவும் இல்லை.

ஜெசிந்தா கடலைத் தோலை ஊதித் தள்ளினார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து போடு."

வாங்கிப் பார்த்தான். தாள் காலி. அடியில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது. எல்லா ரெஸ்யூமிலும் கடைசியில் வருகிற அதே வரி. 'மேலே சொன்னவை யாவும் நான் அறிந்தவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன்.' அதற்குக் கீழே இடம், தேதி, கையெழுத்து.

"மேம், மேல ஒண்ணுமே இல்லையே."

"ஆமா."

"வெத்துத் தாள்ல கையெழுத்து போடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க மேம்."

"எல்லா அம்மாவும் சொல்லுவாங்க. ஏனாம்?"

"மேல யார் வேணா என்ன வேணா எழுதிக்கலாம். அப்புறம் நாமதான் மாட்டிக்குவோம்."

ஜெசிந்தா அவனுடைய ரெஸ்யூமை எடுத்து, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். கடைசி வரிக்குக் கீழே அவன் கையெழுத்து ஜோராக இருந்தது. ஒரு சுழி போட்டு, அடியில் கோடு வேறு இழுத்திருந்தான்.

"இதுல போட பயமா இல்லையா?"

செங்குட்டுவன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கீழ இருந்து படி" என்று சொல்லி ஒரு சிவப்புப் பேனாவை அவன் பக்கம் உருட்டினார். "உறுதி கூறுகிறேன்னு முதல்ல படி. அப்புறம் அதுக்கு மேல இருக்கிற வரியைப் படி. உறுதியா இருந்தா விடு. இல்லைன்னா அடி."

அவன் உறுதி கூறினான். அதற்கு மேல் இருந்த வரியைப் படித்தான்.

"பொழுதுபோக்கு. தபால்தலை சேகரித்தல்."

"ஒரு தபால்தலை காட்டு."

அடித்தான்.

"தெரிந்த மொழிகள். தமிழ், ஆங்கிலம், தெலுங்கு." தெலுங்கை அடித்தான். ஆங்கிலத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. "படிச்சா புரியும் மேம். பேச வராது."

"அப்போ அப்படி எழுது."

"அப்படி யாரும் எழுத மாட்டாங்க மேம்."

"சரி, விடு. மேல போ."

"பலம். எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்." தானே சிரித்துவிட்டான். "ஒரு பாடத்துல ஃபெயிலாகி அரியர் வெச்சிருந்தேன் மேம்." அதையும் அடித்தான்.

"பலவீனம். மற்றவர்களை எளிதில் நம்பிவிடுவேன்."

"அது உண்மையா?"

"புகழ் அண்ணனை நம்பியிருக்கேனே மேம்."

ஜெசிந்தாவும் சிரித்தார். ஆனாலும் அவன் அடித்தான்.

அடுத்தது புராஜெக்ட். சூரிய ஒளியில் இயங்கும் புல்வெட்டும் கருவி. நாலு வரிக்கு நீண்டது. அவன் கை அதற்கு மேல் நகரவில்லை.

"நீ பண்ணதா?"

"டீம் மேம்."

"டீம்ல நீ என்ன பண்ணே?"

"திருச்சியில ஒரு கடையில ரெடியா விக்கறாங்க. அங்க இருந்து பஸ்ல தூக்கிட்டு வந்தது நான்தான்."

"மத்தவங்க?"

"அவங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கிட்டாங்க."

நாலு வரியையும் அடித்தான். உச்சியில் இருந்த வாழ்க்கை லட்சியம் ஆங்கிலத்தில் மூச்சு முட்டும் நீளத்தில் இருந்தது. அதற்கு அவனுக்கு அர்த்தம் தெரியவில்லை. படித்து முடிப்பதற்குள் அடித்துவிட்டான்.

பேனாவைக் கீழே வைத்தான். பெயர் இருந்தது. அப்பா பெயர் இருந்தது. முகவரியும் மதிப்பெண்ணும் இருந்தன. மற்ற இடமெல்லாம் சிவப்பு.

"நான் ஒண்ணுமே இல்லையா மேம்?"

குரல் உடைந்துவிட்டது. இருபத்தொரு வயசுப் பையன், தரையைப் பார்த்தான்.

"இதுல நீ இல்லை" என்றார் ஜெசிந்தா. காலித் தாளை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தார். "கையெழுத்து போடுற மாதிரி ஒரே ஒரு வரி கொண்டு வா. போ."

"ஒரு வரி போதுமா மேம்?"

"முதல்ல கொண்டு வா."

மறுநாள் காலையில் செங்குட்டுவன் துள்ளிக்கொண்டு வந்தான். கையில் பளபளவென்று புது ரெஸ்யூம்.

விஷயம் இதுதான். அறை நண்பன் ரியாஸ் போனில் ஒரு செயலி வைத்திருந்தான். பெயரையும் படிப்பையும் சொன்னால் போதும், ரெஸ்யூமை அதுவே எழுதிவிடும். "காலத்துக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்டா. புகழ் அண்ணன் எல்லாம் பழைய மாடல்" என்று சொல்லி ரியாஸே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான்.

"படி" என்றார் ஜெசிந்தா.

படித்தான். முதல் வரியில் ஒரு வார்த்தையில் தடுக்கி விழுந்தான். எழுந்து, அடுத்த வரியில் மறுபடி விழுந்தான். மூன்றாவது வரிக்கு வரும்போது வியர்த்துவிட்டது.

"இது யாரு?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"தெரியலை மேம்." அவன் தாளை ஒரு தரம் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். "ஆனா நல்ல ஆளா இருக்காரு."

"நல்ல ஆளுதான். அவருக்கு வேலை கிடைக்கட்டும். நீ என்ன பண்ணப்போறே?"

செங்குட்டுவனுக்குக் கோபம் வந்தது. கிராமத்துப் பையன்களுக்குக் கோபம் வந்தால் ஆசிரியர் முன்னால் குரல் உயராது, காதுதான் சிவக்கும். அவனுக்கும் சிவந்தது.

"எல்லாரும் இப்படித்தானே மேம் எழுதறாங்க? தபால்தலை சேக்கறேன்னு சொன்னவன் வேலைக்குப் போயிட்டான். உண்மையைச் சொல்லுன்னு என்னை மட்டும் ஏன் மேம் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"நீதானே கேட்டே?"

"என்ன கேட்டேன்?"

"என்ன தப்புன்னு."

அவன் வெடுக்கென்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். ஜெசிந்தா கூப்பிடவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் அவன் வரவில்லை. ரெஸ்யூம் கொடுக்க மறுநாள்தான் கடைசி. மதியம் போனது. நாலு மணி மணியும் அடித்தது. மற்ற பையன்களின் ரெஸ்யூம்கள் மேஜையில் வந்து குவிந்தன. ஜெசிந்தா மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தார். தபால்தலை. அதற்கு அடுத்ததும் தபால்தலை.

ஐந்து மணிக்குச் செங்குட்டுவன் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றான். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"மன்னிச்சுக்கங்க மேம். நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"வரி?"

"கிடைக்கலை மேம். உக்காந்து யோசிக்கலாம்னு பார்த்தேன். ஜூனியர் பசங்க விட மாட்டேங்கறாங்க. நாளைக்கு அவங்களுக்கு எஸ்.ஓ.எம் பரீட்சை. இப்பவும் மெஸ்ஸுல உக்காந்திருக்காங்க. உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் ஓடி வந்தேன்."

"என்ன சொல்லிட்டு?"

"நான் சிங்கப்பூருக்கே போயிடறேன்னு."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடலைப் பொட்டலத்தைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மெஸ் எந்தப் பக்கம்?"

எஸ்.ஓ.எம் என்பது பொருட்களின் வலிமை பற்றிய பாடம். எந்தச் சுமைக்கு எது வளையும், எது உடையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். மெக்கானிக்கல் பையன்களில் பாதிப் பேர் அந்தப் பாடத்தில்தான் உடைவார்கள்.

விடுதி மெஸ்ஸில் சாப்பாட்டு மேஜைகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். நடுவில் ஒரு நீள பெஞ்சு. இரண்டாமாண்டுப் பையன்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். வகுப்பில் ஆங்கிலத்தில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இங்கே வந்து கேட்கிறவர்கள்.

ஜெசிந்தா பின்னால் போய் அவர்களோடு உட்கார்ந்தார். வெளிச்சம் குறைவு. யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவனும் யாரோ சிவில் அக்கா என்று நினைத்துக்கொண்டான்.

"எங்கடா விட்டோம்?" என்றான் செங்குட்டுவன்.

"பெண்டிங் மொமெண்ட் அண்ணா. பாரம் எப்படி வளைக்குதுன்னு."

"அறிவழகா, எழுந்து வா. பெஞ்சு மேல ஏறு."

அறிவழகன் அந்த விடுதியிலேயே கனமான பையன். வெட்கப்பட்டுக்கொண்டே ஏறி நடுவில் நின்றான். பெஞ்சு முனகியது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

"எல்லாரும் குனிஞ்சு பலகையைப் பாருங்க. வளையுதா?"

"வளையுது அண்ணா."

"இப்ப ஓரத்துக்குப் போ, பெஞ்சுக் கால்கிட்ட. வளையுதா?"

"இல்லண்ணா."

"ஆளு அதே ஆளு. வெயிட்டு அதே வெயிட்டு. ஏன்?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "எனக்கும் புரியலை. ஏன் நடுவுல மட்டும் வளையுது?"

யார் கேட்டது என்று செங்குட்டுவன் பார்க்கவே இல்லை. கேள்வியைத்தான் பார்த்தான்.

"கால்கிட்ட நின்னா கால் தாங்கிக்கும். நடுவுல நின்னா தாங்குற ஆளு ரெண்டு பக்கமும் தூரத்துல இருக்கான். வெயிட்டு மட்டும் வளைக்காது, அந்தத் தூரமும் சேந்து வளைக்குது. இப்ப ஃபார்முலாவைப் பாருங்க. அதுல எங்கடா தூரம் இருக்கு?"

"அந்த 'எல்'ங்கற எழுத்து அண்ணா!"

"அவ்ளோதான். இதைப் புரிஞ்சுக்காம முதல் தடவை எழுதி நான் பத்து மார்க் கேள்வியை விட்டேன். மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். அவங்க படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்க, எனக்கு எதுவும் தெரியலை. நீங்களும் அங்கதான் விழுவீங்க, ஜாக்கிரதை."

அறிவழகன் பெஞ்சைவிட்டு இறங்கி நோட்டில் எழுத ஆரம்பித்தான். எழுதும்போது உதட்டை அசைத்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வகுப்பு கலைந்ததும் செங்குட்டுவன் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினான். அப்போதுதான் ஜெசிந்தாவைப் பார்த்தான்.

"மேம்! நீங்களா கேட்டீங்க?"

"எத்தனை நாளா நடக்குது இது?"

"போன வருஷத்துல இருந்து மேம். அரியர் எழுதி பாஸ் பண்ணேன்ல, அப்போ கூடப் படிச்ச ரெண்டு பேருக்குச் சொன்னேன். அவங்க பாஸ் ஆனதும் ஜூனியர் பசங்க வந்தாங்க. அப்படியே ஒட்டிக்கிட்டாங்க."

"உன்கிட்ட உக்காந்தவங்க பாஸ் ஆகறாங்களா?"

"ஒருத்தன் மட்டும் ஆகலை. அவனுக்குப் பரீட்சை அன்னிக்கு அம்மை போட்டுடுச்சு."

ஜெசிந்தா கையை நீட்டி அவன் சட்டைப் பையைத் தட்டினார். உள்ளே மடித்து வைத்த தாள் சரசரத்தது.

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் பதறிப்போனான்.

"இதையா மேம்? இதை எப்படி எழுதறது? இந்தப் பாடத்துல நான் ஃபெயில் மேம்!"

"ஃபெயில் ஆனது உண்மையா?"

"உண்மைதான்."

"கையெழுத்து போடுவியா?"

"போடாம? ஊருக்கே தெரியுமே."

ஜெசிந்தா கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செங்குட்டுவன் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினான். முதலில் கையால், தமிழில். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். சின்னச் சின்ன வாக்கியம். படித்தால் நாக்குத் தடுக்காத வாக்கியம்.

எஸ்.ஓ.எம் பாடத்தில் முதல் முறை தோற்றேன். மறுமுறை எழுதித் தேறினேன். அதிலிருந்து அந்தப் பாடத்தை ஜூனியர் மாணவர்களுக்குத் தமிழில் நடத்துகிறேன். பெஞ்சு, கயிறு, வாளி இவற்றை வைத்து விளக்குவேன். ஆங்கிலம் படித்தால் புரியும். பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ரியாஸ் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "டேய், ஃபெயிலானதை எவனாவது ரெஸ்யூம்ல எழுதுவானா? கேக்கறவன்கிட்டயே மறைக்கணும். நீ கேக்காதவனுக்கும் சொல்றே. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறே, அவ்ளோதான் சொல்லுவேன்."

"சரிடா."

"பாதி பக்கம் காலியா இருக்கு. ஸ்டாம்ப் சேக்கறதையாவது போடு. கவுரவமா இருக்கும்."

செங்குட்டுவன் கடைசி வரியைப் படித்தான். அதற்கு மேல் ஒவ்வொரு வரியாக ஏறிப்போனான். பெயர் வரைக்கும் போய்விட்டான், எங்கேயும் கால் தடுக்கவில்லை. சிரிப்பு வந்தது. கீழே வந்து கையெழுத்துப் போட்டான். சுழி இல்லை, கோடு இல்லை. பெயர் மட்டும்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நன்றாகப் பசித்தது, நாலு சப்பாத்தி சாப்பிட்டான்.

லிஸ்ட் ஒட்டிய அன்று ரியாஸ்தான் முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்தான். மெக்கானிக்கலில் பாதிப் பேரின் பெயர் இல்லை. ரியாஸின் பெயரும் இல்லை. செங்குட்டுவன் பெயர் இருந்தது.

"சூனியம் வேலை செய்யுதுடா!" என்று கத்தினான் ரியாஸ். தன் பெயர் இல்லாத வருத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனைத் தூக்கிச் சுற்றினான். அப்படி ஒரு நண்பன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நேர்காணல் அறையில் நரைத்த மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கம்பெனியின் இன்ஜினியர். செங்குட்டுவனின் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க டிபார்ட்மெண்ட்ல ஸ்டாம்ப் சேக்காத ஆளும் இருக்கீங்களா தம்பி?"

"இப்பதான் சார் நிறுத்தினேன்."

அவர் மீசைக்குள் சிரித்தார். "ஏன் ஃபெயில் ஆனீங்க?"

"புரியாம மனப்பாடம் பண்ணேன் சார்."

"புரிஞ்சது எப்படி?"

"ரெண்டாவது தடவை சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நானே பெஞ்சு மேல ஏறி நின்னு பார்த்தேன்."

"அப்போ எனக்கு நடத்துங்க. கேண்டிலீவர். அதான், ஒரு முனை சுவத்துல பதிஞ்சு மறுமுனை அந்தரத்துல நிக்கற உத்தரம். எங்க வயலுக்கு மெஷின் ஓட்ட வர்ற ஆளு நான்னு வெச்சுக்கங்க. எழுதப் படிக்கத் தெரியும், அவ்ளோதான்."

செங்குட்டுவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். பெஞ்சு இல்லை. மேஜையில் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"கையை நேரா நீட்டி இதைப் பிடிச்சுக்கங்க சார். மடக்கக் கூடாது."

இன்ஜினியர் பிடித்தார்.

"இப்படியே கொஞ்ச நேரம் இருங்க. பாட்டில் எங்க சார் இருக்கு?"

"உள்ளங்கையில."

"வலி எங்க வருது?"

அவர் யோசித்தார். "தோள்ல."

"இப்ப பாட்டிலை முழங்கைக்குப் பக்கத்துல கொண்டாந்து வெக்கறேன். கையை எடுக்காதீங்க."

"குறையுது" என்றார் அவர். பக்கத்தில் இருந்த கம்பெனிக்காரப் பெண்ணிடம், "நெஜமாவே குறையுதும்மா" என்றார்.

"உங்க தோள்தான் சார் சுவத்துல பதிச்ச முனை. உடையறதா இருந்தா முதல்ல அங்கதான் உடையும்."

இன்ஜினியர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது, கம்பெனியின் தஞ்சாவூர் டிப்போவில். இயந்திரம் ஓட்ட வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிற வேலை. சனிக்கிழமை பஸ் ஏறினால் அம்மா கையால் ராத்திரிச் சோறு.

அம்மாவுக்குப் போன் செய்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாஸ்போர்ட்டைப் பொட்டியில போட்டுப் பூட்டிடட்டுமா?" என்று கேட்டாள்.

"பூட்டிடும்மா."

அவனுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழ வெட்கப்பட வேண்டியதில்லை. அழுதான்.

ஆசிரமத்துக்கு ஸ்வீட் கொண்டு போனான். ஜெசிந்தா மேம் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் ரியாஸ் சிவப்புப் பேனாவோடு தரையில் உட்கார்ந்திருந்தான். தன் ரெஸ்யூமைக் கீழே இருந்து படித்துக்கொண்டிருந்தான். செங்குட்டுவன் அவன் வாயில் ஒரு மைசூர்பாகைத் திணித்துவிட்டு வந்தான்.

அந்த வாரமே கல்லூரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. புகழ் அண்ணன் காலம் முடிந்தது, இனிமேல் செங்கு அண்ணன் ஃபைல்தான் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். எஸ்.ஓ.எம்மில் ஃபெயில் ஆனதே இல்லாத ஒருவன், ஃபெயில் ஆனதாகவே போட்டுக்கொள்ளலாமா என்று விசாரித்தான்.

ஃபைலை முதலில் கேட்டது அறிவழகன்.

"அண்ணா, உங்க ஃபைலை அனுப்புங்கண்ணா. பேரை மட்டும் மாத்திக்கறேன்."

"அனுப்பறேன்டா."

அனுப்பினான். அரை நிமிஷத்தில் போன் அடித்தது.

"அண்ணா, ஃபைல் சரியா வரலை. பக்கம் முழுக்கக் காலியா இருக்கு. அடியில ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"அதுக்குக் கீழ கையெழுத்து போடு."

"என்னண்ணா விளையாடறீங்க? வெத்துத் தாள்ல எப்படிண்ணா போடறது, பயமா இருக்காதா?"

"இருக்கா?"

"இருக்குண்ணா."

"அப்போ சரியாத்தான் வந்திருக்கு" என்றான் செங்குட்டுவன்.